நான்காம் குரோமோசோமில் ஓர் எழுத்து

அதன் பதிவு எண் ஆர்.எஸ். 2200733. மனித உடலின் நான்காவது குரோமோசோமில், நீளமான கையில், பதினோரு கோடி எழுத்துகளைத் தாண்டிய ஓரிடத்தில் அது இருக்கிறது. ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்கு அந்த இடத்தில் 'சி' என்ற எழுத்து, சிலருக்கு 'டி'. இரண்டில் எது இருந்தாலும் முகத்தில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அந்த இடத்தைச் சுற்றி மரபணு எதுவும் இல்லை. புரதம் தயாரிக்கும் கட்டளையும் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. 2007 வரை அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கக் காரணமும் இல்லை.

இன்று உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் நாட்பட்ட இதயத்துடிப்புக் கோளாறைப் பற்றிப் பேசும் எந்த மரபியல் கட்டுரையும் இந்த எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. பல தலைமுறைகளாகத் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் கைமாறி வந்த 'டி', எப்படி மருத்துவர்களின் கண்ணில் பட்டது, எங்கெல்லாம் போனது, நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அதற்கு என்ன மதிப்பு என்பதுதான் இந்தக் கதை.

தாளம் தப்பும் மேலறை

கோளாறின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவர்கள் ஏ.எஃப். என்று சுருக்கிச் சொல்வார்கள். சாதாரணமாக, இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசு, நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பை அனுப்புகிறது. மேலறைகள் அதைக் கேட்டுச் சுருங்கி ரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. ஏ.எஃப். வந்துவிட்டால் மேலறைகளுக்குள் ஒரே நேரத்தில் பல மின்னலைகள் அலைபாய்கின்றன. நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட துடிப்புகள். அந்த வேகத்தில் மேலறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். நடுவில் இருக்கும் ஏ.வி. கணு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிட்டு, தோன்றியபோது சிலவற்றைக் கீழே விடும். அதனால் மணிக்கட்டில் நாடி பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே சீராக இருக்காது. ஒன்று பலமாக வரும், அடுத்தது மெலிந்து வரும், சில நேரம் ஒன்று காணாமலே போகும்.

சிலருக்குப் படபடப்பு, மூச்சுவாங்கல், அசதி. பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் கட்டியாக உறைகிறது. அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது.

வயது, ரத்த அழுத்தம், உடல் பருமன், சர்க்கரை, மது, வால்வுக் கோளாறு, தைராய்டு ஆகியவைதான் இதற்குக் காரணங்களாகப் பாடப்புத்தகத்தில் இருந்தன. பரம்பரை என்ற சொல் அந்தப் பட்டியலுக்குள் நுழைய வெகுகாலம் ஆயிற்று.

குடும்பங்கள் கொடுத்த துப்பு

1943-இல் பாஸ்டனைச் சேர்ந்த லூயிஸ் வுல்ஃப், ஒரே குடும்பத்தில் மூன்று சகோதரர்களுக்கு ஏ.எஃப். இருந்ததைப் பதிவு செய்தார். அபூர்வமான சங்கதி என்று அது ஓரமாகவே கிடந்தது. 1997-இல் ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த ராமோன் புருகாடா குழு, பத்தாவது குரோமோசோமின் ஒரு பகுதியோடு நோய் சேர்ந்தே இறங்குவதைக் காட்டியது. மரபணு எது என்று சொல்ல முடியவில்லை. வட்டாரம் மட்டும் தெரிந்தது.

முதல் மரபணு பிடிபட்டது சீனாவில். ஷான்டோங் மாகாணத்தில் நான்கு தலைமுறைகளாக ஏ.எஃப். தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, 2003-இல் யிஹான் சென் குழு முடிவை வெளியிட்டது. பதினோராவது குரோமோசோமில் உள்ள கே.சி.என்.கியூ.1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இதயச் செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும் வாயில் ஒன்றை உருவாக்கும் மரபணு அது. அந்த மாற்றத்தால் வாயில் தேவைக்கு மேல் திறந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் செல் சீக்கிரமே அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிட்டது. மேலறையில் மின்னலைகள் சுழன்றுகொண்டே இருக்க அது வழி செய்தது.

விந்தை என்னவென்றால், இதே மரபணு வேறு விதமாகக் கெட்டு வாயில் சரியாகத் திறக்காமல் போனால், நீள் க்யூ.டி. என்ற வேறொரு துடிப்புக் கோளாறு வரும் என்று 1996-லேயே தெரிந்திருந்தது. வாயில் ஒன்றுதான். அதிகம் திறந்தால் ஒரு நோய், குறைந்தால் இன்னொரு நோய்.

ஆனால் ஷான்டோங் குடும்பத்தின் மாற்றத்தை உலகின் மற்ற நோயாளிகளிடம் தேடியபோது அனேகமாகக் கிடைக்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொத்து. அப்படியானால் கோடிக்கணக்கான சாதாரண நோயாளிகளுக்கு என்ன பதில்? அவர்களுக்கும் பரம்பரையில் பங்கு உண்டு என்பதை ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2004-இல் காட்டியது. பெற்றோரில் ஒருவருக்கு ஏ.எஃப். இருந்தால், பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. குடும்பத்தில் இறங்குவது உண்மை. இறங்குவது எது என்பதுதான் தெரியவில்லை.

ஐஸ்லாந்தில் கண்டெடுத்தது

அப்போது சுமார் மூன்று லட்சம் மக்களே இருந்த ஐஸ்லாந்தில் யாருக்கு யார் என்ன உறவு என்பது நூற்றாண்டுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. காரி ஸ்டெஃபான்சன் 1996-இல் ரெய்க்யவிக் நகரில் தொடங்கிய டிகோட் ஜெனடிக்ஸ் நிறுவனத்துக்கு அந்த வம்சாவளிப் பதிவுகளும் ஆஸ்பத்திரிப் பதிவுகளும் மூலதனம். குடும்பம் குடும்பமாகத் தேடும் பழைய முறையை அவர்கள் விட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட ஏ.எஃப். நோயாளிகளையும், பல ஆயிரம் மற்றவர்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் சுமார் மூன்று லட்சம் இடங்களில் என்ன எழுத்து இருக்கிறது என்று சில்லுகளில் வாசித்தார்கள். எந்த இடத்தில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் எழுத்து விகிதம் மாறுகிறது என்று பார்த்தார்கள். முன்கூட்டியே எந்த மரபணுவையும் சந்தேகப்படவில்லை.

பொட்டாசிய வாயில், சோடிய வாயில் என்று இதய மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சியிருக்கும். வந்தது நான்காம் குரோமோசோமின் 4கியூ25 என்ற வெற்றுப் பகுதி. அங்கே இரண்டு எழுத்துகள். அவற்றில் வலியது நம் 2200733.

டேனியல் குட்பியார்ட்சன் முதல் ஆசிரியராக, 2007-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. வலிய எழுத்தின் ஒரு பிரதி இருந்தால் நோய் வாய்ப்பு 1.72 மடங்கு, மற்றதற்கு 1.39 மடங்கு. ஐரோப்பிய வம்சத்தவரில் 35 சதவீதம் பேரிடம் இரண்டில் ஒன்றாவது இருக்கிறது. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் சரிபார்த்தார்கள், பொருந்தியது. ஹாங்காங்கிலும் பார்த்தார்கள், அங்கே வலிய எழுத்தைச் சுமப்பவர்கள் 75 சதவீதம், ஒரு பிரதிக்கான வாய்ப்பு 1.42 மடங்கு.

இந்த ஹாங்காங் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணும் பல்லும் இடது பக்கமும்

வெற்றிடத்தில் கிடந்த எழுத்துக்கு மிக அருகில் உள்ள மரபணு சுமார் ஒன்றரை லட்சம் எழுத்துகள் தள்ளி இருந்தது. பெயர் பிட்எக்ஸ்2. அதற்கு ஏற்கெனவே ஒரு சரித்திரம் உண்டு. ஆனால் அது இதயத்துடிப்புச் சரித்திரம் அல்ல.

1930-களில் ஹெர்விக் ரீகர் என்ற கண் மருத்துவர் விவரித்த ஒரு பிறவிக் கோளாறில், கருவிழித்திரை சிதைந்திருக்கும், கண் நீர் அழுத்தம் வரும், சில பற்கள் முளைக்கவே முளைக்காது, தொப்புளைச் சுற்றித் தோல் அதிகமாக இருக்கும். இவையெல்லாம் ஏன் சேர்ந்து வருகின்றன என்று யாருக்கும் விளங்கவில்லை. 1996-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எலினா செமினா, ஜெஃப்ரி மரே குழுவினர் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பிட்எக்ஸ்2. பிற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் மேற்பார்வை மரபணு.

இரண்டே ஆண்டுகளில் அதன் இன்னொரு முகம் தெரிந்தது. நம் உடல் வெளியே சமச்சீர், உள்ளே அல்ல. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் வலப்பக்கம் இருக்கிறது. கருவுக்கு எது இடம், எது வலம் என்று யார் சொல்வது? 1998-இல் ஜப்பானில் நொபுடாகா ஹிரோகாவா குழு எலிக் கருவில் பார்த்த காட்சி இது: கருவின் நடுவே ஒரு சின்னக் குழி, அதன் தரையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், எல்லாம் ஒரே திசையில் சுழல்கின்றன, குழியில் உள்ள திரவம் அந்தச் சுழற்சியால் இடப்பக்கமாக நகர்கிறது. அந்த நகர்வுதான் இடப்பக்கத்துக்கு முதல் செய்தி. செய்தி சில கை மாறிக் கடைசியில் பிட்எக்ஸ்2-இடம் வருகிறது. இடப்பக்கத்தில் அது விழிக்கிறது, வலப்பக்கத்தில் உறங்குகிறது. கோழிக் கருவில் அதை வலப்பக்கத்திலும் விழிக்க வைத்தபோது இதயத்தின் வளைவே குழம்பிப் போனது.

அதே 1998-இல், இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசாகேர் குழு 45 நோயாளிகளின் இதயத்துக்குள் மின்கம்பிகளைச் செலுத்தி, ஏ.எஃப். முதலில் எங்கே பற்றிக்கொள்கிறது என்று தேடியது. கிளம்பும் புள்ளிகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் அந்தச் சிரைகள் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. சேருமிடத்தில் இதயத் தசை, சிரையின் மேல் சிறிது தூரம் உறை போல ஏறியிருக்கும். அந்த உறையிலிருந்துதான் தப்புத் துடிப்பு கிளம்புகிறது. அங்கே சூடு வைத்துச் சிரையை மின்சார ரீதியாகத் துண்டித்தால் பலருக்குத் துடிப்பு சீராகிறது. இன்று பெருநகரங்களில் ஏ.எஃப்.புக்குச் செய்யப்படும் 'அப்ளேஷன்' சிகிச்சைக்கு இதுவே அடித்தளம்.

அயோவாவின் கண் மருத்துவம், ஜப்பானின் எலிக் கரு, போர்தோவின் மின்கம்பி. மூன்றும் தனித்தனியே போய்க்கொண்டிருந்தன. ஐஸ்லாந்தின் எழுத்து வந்த பிறகுதான் அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

மூன்று வழிகள் சேரும் இடம்

2007-இல் ஆம்ஸ்டர்டாமில் மதில்டா மொம்மர்ஸ்டெய்க், வின்சென்ட் கிறிஸ்டோஃபெல்ஸ் குழுவினர், இதயத்தில் இயங்கும் பிட்எக்ஸ்2 இல்லாத எலிகளை ஆராய்ந்தார்கள். நுரையீரல் சிரைகளின் மேல் அந்தத் தசை உறையே உருவாகவில்லை. இன்னொன்று: வலப்பக்கம் மட்டும் இருக்க வேண்டிய சைனஸ் கணு இடப்பக்கமும் முளைத்தது. அதாவது, 'இங்கே தாளம் போடுபவர் வேண்டாம்' என்று இடது மேலறையை அடக்கி வைப்பது பிட்எக்ஸ்2-தான்.

2010-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மார்ட்டின் குழு, அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் குறைந்த எலிகளை எடுத்தது. பார்வைக்கு ஆரோக்கியமான எலிகள். மின்தூண்டுதல் கொடுத்ததும் மேலறைகள் எளிதாகத் தாளம் தப்பின. அடுத்த ஆண்டு பவுலஸ் கிர்ச்சோஃப் குழு, வளர்ந்த மனிதனின் இடது மேலறையிலும் பிட்எக்ஸ்2 ஓயாமல் வேலை செய்கிறது, வலது மேலறையில் அனேகமாக இல்லை என்று காட்டியது. கருவில் இடம் வலம் பிரித்ததோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை.

சரி, ஒன்றரை லட்சம் எழுத்துக்கு அப்பால் இருக்கும் 'டி', பிட்எக்ஸ்2-ஐ எப்படித் தொடுகிறது? டி.என்.ஏ. நேர்கோடாக நீண்டு கிடப்பதில்லை. செல்லுக்குள் மடிந்து சுருண்டு கிடக்கிறது. தொலைவில் உள்ள ஒரு துண்டு மடிப்பில் மரபணுவின் வாசலுக்கே வந்து நிற்க முடியும். 4கியூ25-இல் அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுத் துண்டுகள் இருப்பதும், அவை பிட்எக்ஸ்2-ஐத் தொடுவதும் ஆய்வுகளில் தெரிந்தன. எலியில் அவற்றில் ஒன்றை வெட்டியபோது துடிப்புக் கோளாறுக்கு வழி பிறந்தது. ஆனால் மனித மேலறைத் திசுவில், 'டி' உள்ளவர்களுக்குப் பிட்எக்ஸ்2 அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. ஒருவேளை கருவிலேயே நடந்து முடிந்த சங்கதியாக இருக்கலாம்.

தனி ஆள் கூட்டமான கதை

2008-இல் டிகோட் குழுவே இன்னொன்றைக் கண்டது. அதே 4கியூ25 எழுத்துகள், பக்கவாதம் வந்தவர்களிடமும் அதிகம் தென்பட்டன. குறிப்பாக, கட்டி இதயத்திலிருந்து கிளம்பிய பக்கவாதத்தில்.

அதன்பின் எழுத்துக்குத் துணை வந்துகொண்டே இருந்தது. 2018-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் டி.என்.ஏ.வை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் ஏ.எஃப்.போடு தொடர்புள்ள இடங்கள் 111 ஆயின. இதயத் தசையின் பெரும்புரதமான டைட்டினும் பட்டியலில் சேர்ந்தது. இள வயதில் ஏ.எஃப். வந்தவர்களில் 2.1 சதவீதம் பேரிடம் பழுதான டைட்டின் மரபணு இருந்தது, மற்றவர்களிடம் 1.1 சதவீதம். அத்தனைக்கும் நடுவில் முதலிடம் இன்றும் 4கியூ25-க்கே.

கல்யாண வீட்டு மொய் நோட்டு போலத்தான் இது. தாய்மாமன் எழுதிய தொகை தனித்துத் தெரியும். ஆனால் கணக்கு முடிப்பது நூறும் இருநூறுமாக எழுதிய மற்றவர்கள். 2018-இல் பாஸ்டனில் அமித் கேரா, சேகர் கதிரேசன் குழு லட்சக்கணக்கான எழுத்துகளின் சிறு பங்குகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டது. 6.1 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். ஆபத்து மூன்று மடங்கு என்று அது காட்டியது.

ஆனால் இந்த மதிப்பெண் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரின் டி.என்.ஏ.வைக் கொண்டு போடப்பட்டது. மற்றவர்களுக்கு அதே துல்லியத்தில் பொருந்தாது.

இப்போது ஹாங்காங் கணக்குக்கு வருவோம். எழுத்தே விதி என்றால், நான்கில் மூன்று பேர் அதைச் சுமக்கும் சீனர்களிடம் ஏ.எஃப். தலைவிரித்தாட வேண்டும். ஆடவில்லை. ஐரோப்பியர்களைவிட அவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களும் புதிர்தான்: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவர்களுக்கு அதிகம், ஏ.எஃப். வெள்ளையர்களைவிடக் குறைவு. எழுத்து ஆபத்தைக் கூட்டுகிறது, முடிவு செய்வதில்லை. ஃபிரேமிங்ஹாமில் 55 வயதைத் தாண்டியவர்களைப் பார்த்தார்கள். மரபு ஆபத்தும் மற்ற ஆபத்துகளும் குறைந்தவர்களில் வாழ்நாளில் ஏ.எஃப். வரும் வாய்ப்பு 22 சதவீதம். இரண்டும் மிகுந்தவர்களுக்கு 48. மோசமான சீட்டு விழுந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தப்பிக்கிறார்கள். நல்ல சீட்டு விழுந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் மாட்டிக்கொள்கிறார்.

நம் ஊர் வாசலில்

"பரம்பரை வியாதியா டாக்டர்?" என்பது நம் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஏ.எஃப். விஷயத்தில் நேர்மையான பதில்: கொஞ்சம். ஆனால் நம் நாட்டில் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அவசர சிகிச்சைக்கு வந்த ஏ.எஃப். நோயாளிகளைப் பல நாடுகளில் கணக்கெடுத்த ஆய்வு ஒன்றில், வட அமெரிக்காவில் 2.2 சதவீதம் பேருக்கு ருமாட்டிக் இதய நோய் இருந்தது, இந்தியாவில் 31.5 சதவீதம். சிறு வயதில் வந்த தொண்டைப் புண், சரியாகக் கவனிக்காத ருமாட்டிக் காய்ச்சல், சுருங்கிய மைட்ரல் வால்வு, முப்பது நாற்பது வயதில் ஏ.எஃப்.; இந்த வரிசையில் 4கியூ25-க்கு இடமில்லை. பென்சிலினுக்குத்தான் இடம்.

அந்த நோயாளிகள் பலர் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையும், ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையுமாக வருடக்கணக்கில் நடக்கிறார்கள். புது மாத்திரைக்கு மாறினால் பரிசோதனைத் தொல்லை இல்லை என்று கேள்விப்பட்டுத் தாங்களாகவே மாற நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ருமாட்டிக் வால்வு நோயோடு ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய வகை மாத்திரையே உயிரைக் காத்தது என்று 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

ஏ.எஃப். உள்ள எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை. 2200733-இல் 'டி' இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மருத்துவரும் மாத்திரையை மாற்றப் போவதில்லை. வெளிப்படையான காரணம் எதுவுமின்றி 45 வயதுக்கு முன்பே ஏ.எஃப். வந்தவர்களுக்கு, டைட்டின் போன்ற அரிய பழுதுகளைத் தேடிப் பரிசோதிக்கலாம் என்று 2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பின்னாளில் இதயத் தசை பலவீனமாகும் அபாயம் உண்டு என்பதே காரணம்.

மற்றவர்களுக்குப் பலன் தருவது எளிய வேலைதான். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், எடையைக் குறையுங்கள், மதுவை விடுங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், பருமனான ஏ.எஃப். நோயாளிகள் எடையில் பத்து சதவீதம் குறைத்து அதை விடாமல் காத்தபோது, துடிப்புக் கோளாறின்றி இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியது. 1.72 மடங்கு கூட்டும் எழுத்தைவிட இந்தக் கணக்கு பெரிது.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏ.எஃப். இருந்தால், அறுபது வயதுக்குக் கீழே பக்கவாதம் வந்த உறவினர் யாராவது இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்களின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். சீராக இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.